விருந்தும் மொழிபெயர்ப்பும்: பழவேற்காடு நமக்குச் சொல்வது

பல சமயத்தார் கலந்து வாழும் நம் நாட்டில் சமயங்களுக்கிடையேயான உரையாடல் இன்று பெரும்பாலும் இரண்டு இடங்களில் நிகழ்கிறது. ஒன்று விவாத மேடை. மற்றொன்று நல்லிணக்க விழா. விவாத மேடையில், எதிரே அமர்ந்திருப்பவரை மடக்குவதற்காகவே அவருடைய வேதத்தைப் புரட்டுகிறோம். நல்லிணக்க விழாவில், எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று கூறி, சால்வை போர்த்திக் கலைந்துவிடுகிறோம். முன்னதில் கேட்பதற்குப் பொறுமையில்லை. பின்னதில் எல்லாம் ஒன்றே என்றான பிறகு கேட்பதற்கு எதுவுமில்லை. அண்டை வீட்டார் எதை நம்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், எதைப் புனிதமென்று போற்றுகிறார் என்பது இரண்டிலும் நமக்குத் தெரியாமலே போகிறது.

இவ்விரண்டையும் விடப் பழைய வழி ஒன்று உண்டு. பிறருடைய சொல்லுக்கு நம் மொழியில் இடம் கொடுப்பது. பிற மனிதருக்கு நம் வீட்டில் இடம் கொடுப்பது. முதலாவதை மொழிபெயர்ப்பு என்கிறோம். இரண்டாவதை விருந்தோம்பல் என்கிறோம். பழந்தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பொருள். பின்னர் அது புதிதாய் வந்தவரைக் குறித்தது. அதன் பிறகே அவருக்கு இடும் உணவைக் குறித்தது. புதியதை உள்ளே அழைத்து, அதன் இயல்பு கெடாமல் பேணுவது என்ற அளவில் இரண்டும் ஒரே செயல்தான். இச்செயலின் நன்மையையும் அது தவறும் இடத்தையும் ஒருங்கே காட்டும் வரலாறு நமக்கு மிக அருகில், பழவேற்காட்டில் இருக்கிறது.

ஏரிக்கரையின் ஊர்கள்

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரமும் சந்திக்கும் எல்லையில் பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வேங்கடத்திற்கு வடக்கே உள்ள நிலத்தை மொழி பெயரும் நாடு என்று பழம்புலவர்கள் குறித்தனர். அந்த எல்லை நிலத்திலேயே இந்த ஏரியும் இருக்கிறது. தெற்குக் கரையில் தமிழும் வடக்குக் கரையில் தெலுங்கும் வழங்குகின்றன. மீனுக்கோ காற்றுக்கோ அந்த எல்லை தெரியாது.

கரையிலுள்ள குப்பங்களின் பெயர்களைச் சேர்த்துச் சொன்னாலே ஒரு வரலாறு கிடைக்கும்: கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஜமீலாபாத். பழவேற்காட்டு ஊருக்குள் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், மகிமை மாதா தேவாலயமும், நம் பெரிய பள்ளிவாசலும் சின்னப் பள்ளிவாசலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. அரபு வணிகரும் மரக்காயர்களும் இத்துறைமுகத்தில் கப்பலேறியது ஐரோப்பியர் வருகைக்கு முந்திய செய்தி. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் வந்தனர். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கரையில் தங்கள் வணிகத்திற்குத் தலைமையிடம் ஆக்கிக்கொண்டனர்.

ஒரு பாதிரியாரும் ஒரு பிராமணரும்

அந்தக் கோட்டையில் 1632 முதல் 1642 வரை டச்சுக்காரரின் சமயப் பணியாளராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். டச்சுக்காரரின் பாதுகாப்பை நாடி அங்கே வாழ்ந்த பத்மநாபன் என்ற பிராமணருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பாதிரியாருக்குச் சமஸ்கிருதம் தெரியாது. பிராமணருக்கு டச்சு தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீசிய மொழி. டச்சுக்காரருக்குப் போர்த்துக்கீசியர் எதிரிகள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த உரையாடலின் விந்தை புரியும். எதிரியின் மொழியில் அமர்ந்து இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர்.

பிராமணர்களின் வாழ்க்கை முறை, சடங்குகள், நம்பிக்கைகள் ஆகியவற்றைப் பத்மநாபன் விளக்கினார்; ரோஜேரியஸ் எழுதிக்கொண்டார். பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் பத்மநாபனின் விளக்கத்தின் வழியே ரோஜேரியஸ் டச்சு மொழியில் அமைத்தார். அவர் 1649இல் இறந்த பின், 1651இல் அந்த நூல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. சமஸ்கிருத இலக்கியத்திலிருந்து ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் மொழிபெயர்ப்பு அதில்தான் இருக்கிறது என்பது அறிஞர்கள் கருத்து. 1663இல் ஜெர்மன் மொழியிலும் 1670இல் பிரெஞ்சு மொழியிலும் அது வெளிவந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜெர்மானிய அறிஞர் ஹெர்டர் பர்த்ருஹரியின் கருத்துகளை அறிந்தது இந்நூலின் வழியாகத்தான். உப்பங்காற்று வீசும் நம் ஏரிக்கரையில் இருவர் பேசியது அவ்வளவு தொலைவு சென்று சேர்ந்தது.

இதில் யார் விருந்தாளி, யார் விருந்தளித்தவர்? கோட்டையின் நிழலில் தங்கியவர் என்ற வகையில் பத்மநாபன் விருந்தாளி. ஆனால் அறிவின் வீட்டில் அவரே வீட்டுக்காரர். பாதிரியார்தான் வாசலில் வந்து நின்றவர். சமய உரையாடல் செம்மையாக நடக்கும் இடங்களிலெல்லாம் இந்த இடமாற்றம் நிகழ்கிறது. ஒரு கையால் கொடுப்பவர் மறு கையால் பெற்றுக்கொள்கிறார்.

பர்த்ருஹரியின் சதகங்கள் மூன்று. அவற்றில் சிருங்கார சதகம் மட்டும் ரோஜேரியஸின் நூலில் இல்லை. பத்மநாபன் அதைப் பெயர்த்துத் தரவில்லை. வீட்டுக்காரர் ஓர் அறையைத் திறக்கவில்லை. விருந்தாளி இரண்டு அறைகளோடு மனநிறைவு கொண்டார். விருந்தோம்பலில் இதற்கும் இடமுண்டு. அண்டைச் சமயத்தார் தம்முடைய எல்லாவற்றையும் நமக்கு விளக்கியே தீரவேண்டும் என்று நாம் கேட்க முடியாது. அவர்கள் நம்மிடம் கேட்கும்போதும், நமக்குத் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை ஆலிம்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று நிறுத்திக்கொள்வதில் குறைவில்லை.

அக்கதவில் இருந்த குறை

ஆனால் அந்நூலின் தலைப்பைப் பாருங்கள். மறைந்து கிடக்கும் புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பொருள். கதவு திறந்தது உண்மை. அந்த வீட்டுக்குப் புறச்சமயம் என்று பெயர்ப்பலகை மாட்டியது யார்? பத்மநாபன் தம் வீட்டை ஒருபோதும் அப்படி அழைத்திருக்க மாட்டார். விருந்துண்ட வீட்டுக்கு, வீட்டுக்காரர் ஏற்காத பெயரை வைத்துவிட்டார்கள். பிற சமயத்தைப் பற்றி எழுதும், பேசும் எவருக்கும் இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாம் சொன்னதை அச்சமயத்தார் படித்தால், ‘ஆம், நாங்கள் நம்புவது இதைத்தான்; இதை ஏற்கிறாயா மறுக்கிறாயா என்பது உன் விருப்பம்’ என்று சொல்வார்களா? சொல்வார்கள் என்றால் நாம் மொழிபெயர்த்திருக்கிறோம். இல்லையென்றால், நம் கற்பனைக்கு அவர்களுடைய பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. பாதிரியாரும் பிராமணரும் பேசிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், அதே துறைமுகத்திலிருந்து, அதே கம்பெனி இக்கரை மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பியது. ஒரு சாளரத்தில் நீதி சதகம் மொழிபெயர்க்கப்பட்டது. மறு சாளரத்திற்கு வெளியே மனிதர்கள் விலைபேசப்பட்டனர். அறிவின் மேல் இருந்த ஆர்வம் அநீதியைத் தடுக்கவில்லை. பீரங்கியின் பின்னாலிருந்து அழைக்கும் விருந்தை எவரும் முழு மனத்தோடு ஏற்க முடியாது.

இதை டச்சுக்காரர் மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது. ஏறத்தாழ 1030இல் அல்பீரூனி இந்தியாவைப் பற்றித் தம் பெருநூலை எழுதினார். சமஸ்கிருதம் கற்று, பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கியவர் அவர். தம்முடைய நூல் விவாத நூல் அன்று என்றும், இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் விதத்திலேயே வைப்பதாகவும் அவர் தொடக்கத்திலேயே அறிவித்தார். மேலே சொன்ன அளவுகோலை அறுநூறு ஆண்டுகள் முன்னமே ஏற்றுக்கொண்டவர் அவர். ஆயினும் கஜ்னி மஹ்மூதின் படையெடுப்புகள் நாட்டின் செழிப்பைக் குலைத்ததையும், அதனால் இந்து அறிஞர்கள் தொலைவிடங்களுக்கு விலகிச் சென்றதையும், வந்தவர்கள் மேல் வெறுப்பு வேரூன்றியதையும் அவரே மறைக்காமல் பதிவு செய்தார். தம் சொந்த அரசனின் வாள் தம் சொந்த அறிவுத் தேடலுக்குத் தடையானதை எழுதிவைத்த அந்த நேர்மை நமக்கு முன்மாதிரி.

நம் மார்க்கம் காட்டும் வழி

விருந்தோம்பலைப் பற்றி நாம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை என்று சிலர் எண்ணலாம். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாறு நமக்கு நன்கு தெரிந்ததுதான். முன்பின் அறியாத விருந்தாளிகள் வருகின்றனர். அவர்கள் யார், எங்கிருந்து வந்தனர் என்று விசாரித்து முடிக்கும் முன்பே, மெல்ல உள்ளே சென்று, பொரித்த கன்றைக் கொண்டுவந்து அருகில் வைக்கிறார்கள். வந்தவர்கள் உண்ணவில்லை, நபியவர்களின் மனத்தில் அச்சம் எழுகிறது. ஹூத், அத்தாரியாத் ஆகிய இரு அத்தியாயங்களிலும் இந்த அச்சம் சொல்லப்பட்டிருப்பதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அறியாதவரை உள்ளே அழைப்பதில் அச்சம் உண்டு. இறைத்தூதருக்கும் அது வந்தது. அச்சம் வந்தபின் அவர்கள் விருந்தாளிகளை வெளியேற்றவில்லை. அமர்ந்திருந்தார்கள், நற்செய்தி அந்த அமர்வில்தான் வந்தது.

விருந்தாளியாக இருப்பதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. கி.பி. 615 வாக்கில் மக்காவின் கொடுமையிலிருந்து தப்பிய முதல் முஸ்லிம்கள் அடைக்கலம் தேடியது அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம். குறைஷியரின் தூதர்கள் பரிசுகளோடு வந்து, அவர்களைத் திருப்பி அனுப்பக் கேட்டனர். மன்னர் இரு தரப்பையும் கேட்டார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியை ஓதினார்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று மறுநாள் மன்னர் கேட்டபோது, அரசவையில் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய நிலையிலும், ஜஅஃபர் (ரலி) வேறுபாட்டை மறைக்கவில்லை. அவரை இறைவனின் அடியார், தூதர் என்றே சொன்னார்கள். பொதுவானதை முதலில் ஓதினார்கள். வேறுபடுவதைக் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்கள். உரையாடலின் முறை முழுவதும் இதில் இருக்கிறது. நம் சமூகத்தின் முதல் அடைக்கலம் பிற சமயத்தார் வீட்டில் கிடைத்தது என்பதும் நாம் மறக்கக்கூடாத ஒன்று.

பின்னாளில் நஜ்ரான் கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனாவுக்கு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலில் அவர்களை வரவேற்றதையும், அங்கேயே அவர்கள் தம் வழிபாட்டை நடத்த இடம் கொடுத்ததையும் சீரா நூல்கள் கூறுகின்றன. கொள்கையில் இணக்கம் ஏற்படவில்லை. உடன்படிக்கையோடு அவர்கள் திரும்பினர். மொழியைப் பொறுத்தவரை, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபியவர்கள் பணித்தார்கள். அவரும் சில நாட்களிலேயே கற்றுத் தேர்ந்தார். பிறர் எழுதுவதை இடைத்தரகர் இல்லாமல் நாமே படித்தறிய வேண்டும் என்ற தேவையை நம் மார்க்கம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

தமிழ் நமக்கு அளித்த விருந்து

இப்போது நம் வாயில் தினமும் புழங்கும் சொற்களைக் கவனிப்போம். நாம் ‘ஸலாத்’ என்று சொல்வதைவிடத் ‘தொழுகை’ என்றே சொல்கிறோம். ‘ஸவ்ம்’ என்பதை ‘நோன்பு’ என்கிறோம். ‘மஸ்ஜித்’ நமக்குப் ‘பள்ளிவாசல்’. ‘ஈத்’ நமக்குப் ‘பெருநாள்’. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? பள்ளி என்பது சமண முனிவர்கள் தங்கிய இடத்தைக் குறித்த சொல். மலைக்குகைகளில் உள்ள மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளிலேயே அது காணப்படுகிறது. நோன்பு என்பது சமணரும் சைவரும் வைணவரும் வழங்கிய சொல். தொழுதல் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. நம் முன்னோர் இக்கரையில் இறங்கியபோது, தமிழ் தன் வீட்டின் நல்ல பாத்திரங்களை எடுத்து அவர்கள் முன் வைத்தது. அவர்களும் தயங்காமல் அவற்றில் தம் உணவைப் பரிமாறினார்கள். பாத்திரம் பழையது, உணவு தவ்ஹீத். அதனால் உணவு மாறிவிடவில்லை.

விருந்துக்கு எதிர்விருந்தும் நடந்தது. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் ஆயிரமசலாவைத் தமிழில் பாடினார். யூத அறிஞர் ஒருவர் கேட்க நபியவர்கள் விடையளிக்கும் அமைப்பில் உள்ள அந்நூல், சமயங்களுக்கிடையே நிகழும் ஓர் உரையாடலே ஆகும். அடுத்த நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நபியவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் அமைத்தார். அரபுப் பாலையைப் பாடுகையிலும் தமிழ்நிலத்தின் ஆறும் வயலும் அவருடைய கவிதையில் வந்து சேர்ந்தன. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ், கரையோர ஊர்கள் பலவற்றில் நம் பெண்களும் குழந்தைகளும் மார்க்கம் கற்ற வழியாக இருந்தது. ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் திருக்குர்ஆன் தமிழாக்கம் முஸ்லிம்களுக்கு மட்டுமன்றித் தமிழ் படிக்கும் அனைவருக்கும் வாசலைத் திறந்தது.

அண்மைக் காலமாக நம்மிடையே ஒரு போக்கு வளர்ந்து வருகிறது. தமிழ்ச் சொல் இருக்கும் இடத்திலெல்லாம் அரபுச் சொல்லை இட்டால்தான் மார்க்கம் தூய்மையாக இருக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவர்களின் கவலை நேர்மையானது. பழைய சொல்லோடு பழைய பொருளும் ஒட்டிக்கொண்டு வரலாம். அல்லாஹ்வின் திருநாமம், கலிமா, ஓதும் வசனங்கள் ஆகியவை அரபியிலேயே இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நாம் விளக்கும் மொழி அண்டை வீட்டாருக்குப் புரியாமல் போனால், நம் வீட்டுக்கு நாமே மதில் எழுப்பியவர்களாவோம். மதிலுக்கு வெளியே நிற்பவர், உள்ளே என்ன நடக்கிறது என்பதை வேறு யாரிடமிருந்தோ தெரிந்துகொள்வார். அந்த வேறு யாரோ நமக்கு நன்மை நாடுபவராக இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

இன்று நமக்கு உண்மையான இழப்பு வரக்கூடிய இடம் இதுதான். கைப்பேசியில் ஒரு வதந்தி ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிடுகிறது. அந்த நேரத்தில் நாம் வெளியிடும் மறுப்பு அறிக்கை எவரையும் சென்று சேராது. ‘நான் அந்தப் பள்ளிவாசலுக்குள் அமர்ந்திருக்கிறேன், அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லக்கூடிய ஓர் இந்துச் சகோதரர், ஒரு கிறிஸ்தவச் சகோதரி அந்தக் குப்பத்தில் இருந்தால் போதும். அவர்களை அந்த ஒரு மணி நேரத்தில் உருவாக்க முடியாது. பல ஆண்டுகள் முன்பே விருந்துக்கு அழைத்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பழவேற்காட்டு மீனவர்களிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் யார், எப்போது, எங்கே வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒருவர் முறை வரும்போது மற்றவர் விலகி நிற்கிறார். அந்த ஏற்பாட்டுக்குள் இடம் கிடைக்காதவர்களோடு பூசல்கள் எழுந்ததும் உண்டு. உரையாடலுக்கும் இது பொருந்தும். முறைவைத்துப் பேசவேண்டும், முறையே கிடைக்காமல் யார் வெளியே நிற்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். மேடைகளில் பெரும்பாலும் ஆண்களே, தலைவர்களே பேசுகின்றனர். ஓலைக்கூடை முடையும் பெண்களும், மீன் கூடையோடு சந்தையில் அருகருகே அமரும் பெண்களும் அன்றாடம் உரையாடுகின்றனர்; அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.

ஜமாஅத்துகள் எளிதாகத் தொடங்கக்கூடிய சில பணிகளைச் சொல்கிறோம். இஃப்தார் என்றால் பிரமுகர்களை அழைத்துப் படம் எடுப்பது என்ற வழக்கத்தை மாற்றி, பள்ளிவாசலைச் சுற்றியுள்ள பத்து வீடுகளை அழைப்போம். அவர்கள் எதை உண்பார்கள், எதை உண்ணமாட்டார்கள் என்று முன்பே கேட்டறிவோம். நோன்புக் கஞ்சியில் இறைச்சி சேர்க்காத ஒரு பானையைத் தனியே வைப்பது பெரும் சிரமம் அன்று. மீன் உண்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. கடலின் உணவை அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கியிருக்கிறான்; மீனுக்கு அறுக்கும் முறை பற்றிய கேள்வியே இல்லை. நாம் அவர்கள் வீட்டிலும், அவர்கள் நம் வீட்டிலும் தயக்கமின்றி உண்ணக்கூடிய உணவை ஏரியே தருகிறது.

ஆண்டுக்கு ஒரு ஜும்ஆ உரையையாவது, பள்ளிவாசலுக்கு முதன்முறை வருபவருக்கும் விளங்கும் தமிழில் அமைப்போம். அண்டைச் சமயத்தாரின் விழா எதைப் பற்றியது என்பதை நம் பிள்ளைகளுக்கு, அந்தச் சமயத்தாரையே கேட்டு, அவர்கள் சொல்லும் விதத்திலேயே சொல்லிக்கொடுப்போம். பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசக்கூடாது என்று அல்அன்ஆம் அத்தியாயம் நமக்கு விதித்திருக்கிறது. ஏசாமல் இருக்க வேண்டுமானால், முதலில் சரியாக அறிந்திருக்க வேண்டும்.

இவற்றால் நம் ஈமான் கரைந்துவிடுமோ என்ற ஐயம் எழலாம். வீட்டுக்கு விருந்தாளி வருவதால் வீட்டின் உரிமை மாறுவதில்லை. உங்கள் மார்க்கம் உங்களுக்கு, எங்கள் மார்க்கம் எங்களுக்கு என்பதை நாம் நாள்தோறும் ஓதுகிறோம். அந்தத் தெளிவு உள்ளவருக்குக் கதவைத் திறந்துவைக்க அச்சமில்லை. நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா அத்தியாயம் தெளிவாக்குகிறது. மக்களைப் பல சமூகங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அல்ஹுஜுராத் அத்தியாயமும் உணர்த்துகிறது.

கெல்டிரியா கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது; டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் எஞ்சியுள்ளன. பத்மநாபனும் ரோஜேரியஸும் பேசியது இன்னும் படிக்கப்படுகிறது. நம் பள்ளிவாசல்களின் கதவுகளை அண்டை வீட்டாருக்குத் திறந்துவைக்கவும், அவர்கள் வீட்டில் நல்ல விருந்தாளிகளாக அமரவும், கேட்டதைத் திரிக்காமல் சொல்லும் நாவை நமக்குத் தரவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.